வளைவில் ஒரு மச்சான்

அந்தக் கண்ணாடிக் கிடங்கில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கையுறை போடாமல் எதையும் தொடக்கூடாது. வளைவு வந்ததும் ‘மச்சான்’ என்று கத்த வேண்டும். முதலாவதை அவ்வப்போது மறந்தவர்கள் உண்டு, விரலில் கட்டோடு திரிந்தார்கள். இரண்டாவதை மறந்தவர் ஒருவரும் இல்லை.

வளைவு என்பது, வெட்டும் அறையிலிருந்து தேய்க்கும் அறைக்குப் போகிற ஒடுக்கமான நடை பாதியில் சட்டென்று திரும்புகிற இடம். கட்டியவன் என்ன நினைப்பில் கட்டினானோ, அதில் ஒரு ஆள் தாராளமாகப் போகலாம், இரண்டு ஆள் ஒண்டிக்கொண்டு போகலாம், கையில் கண்ணாடியோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தீர்ந்தது கதை. திருப்பத்தில் சுவர் மறைக்கும். வருகிறவன் தெரிவதற்கு முன்னால் அவன் பிடித்திருக்கும் கண்ணாடியின் விளிம்பு வந்து நிற்கும். தேய்க்காத விளிம்பு, கழுத்து மட்டத்தில். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம்.

ஆகவே இந்தப் பக்கம் நின்று ‘மச்சான்!’ என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் ஆள் இருந்தால் ஓரமாக ஒதுங்கிக்கொண்டு ‘வா மாப்ளே!’ என்பார். ஒதுங்க முடியாதபடி கை நிறையச் சுமை இருந்தால் ‘இரு மாப்ளே!’ என்பார். பதிலே வராவிட்டால் அங்கே ஆள் இல்லை, தாராளமாகப் போகலாம். இவ்வளவுதான். ஆண், பெண், முதலாளி, தொழிலாளி என்ற பேதமெல்லாம் கிடையாது. கணக்கு எழுதுகிற அக்கா டீ டம்ளரோடு போனாலும் ‘மச்சான்’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். தமிழ் சரியாகத் தெரியாத லாரி டிரைவர் ஒருவர், தமிழில் கண்ணாடிக்குத்தான் மச்சான் என்று பெயர் என வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். ‘இன்னிக்கு எத்தனை மச்சான் ஏத்தணும்?’ என்று கையாலும் வாயாலும் கேட்பார். பாவம், யாரும் திருத்தவில்லை.

இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பழைய முதலாளி ஒரு கிளி வளர்த்தாராம், அது கத்தியதாம். முன்னே ஒருவர் இங்கே கழுத்தறுந்து செத்தாராம், அவர் மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டே செத்தாராம். எல்லாம் கட்டிவிட்ட கதை. உண்மை தெரிந்தவர்களில் இப்போது கிடங்கில் மிச்சம் இரண்டே பேர்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் திறந்தால் ஒருவரைப் பற்றி ஒருவர் பேச வேண்டியிருக்கும்.

ஒருவன் நெட்டை. கண்ணாடி தூக்குகிற ஆள். பெயருக்கேற்ற உயரம், குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கனத்த குரல். இன்னொருவர் வைரம். வைரம் வைத்த கட்டரால் கோடு கிழித்துக் கண்ணாடி வெட்டுகிறவர், வெட்டியதைத் தாமே கொண்டுபோய் மிஷினில் விளிம்பு தேய்க்கிறவர். அந்தக் கை போட்ட கோடு நூல் பிசகாது என்று வெளியில்கூடப் பேச்சு. வைரத்தின் தங்கையைத்தான் நெட்டை கட்டியிருக்கிறான். கல்யாணமான புதிதில் ஒருநாள், இரண்டு கையிலும் கண்ணாடியோடு வளைவில் மாட்டிக்கொண்டு, ‘மச்சான்!’ என்று நெட்டை கூப்பிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வைரம், ‘வா மாப்ளே!’ என்றார். அதுதான் ஆரம்பம். கூட இருந்தவர்கள் முதலில் கேலிக்காகக் கத்தினார்கள். அப்புறம் ஒருநாள் கேலிக்குக் கத்தியதே ஒருவர் முகத்தைக் காப்பாற்றியது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை, கத்துவதை நிறுத்தவும் இல்லை.

அப்புறம் சண்டை வந்தது. நெட்டை புது வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு, கூடத்து ஜன்னலுக்குத் தம் கையாலேயே கண்ணாடி வெட்டி மாட்டிக் கொடுத்திருந்தார் வைரம். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் இன்னும் ஒன்றும் விழவில்லை. நெட்டை, வாய் சும்மா இருக்காமல், ஜன்னலைப் பார்த்து, ‘கண்ணாடி கொஞ்சம் கோணலா இருக்கோ?’ என்றான். பத்துப் பேர் முன்னால். வைரம் எழுந்தார். ‘என் கை கோணல்னு என் தங்கச்சி வீட்டுலயே கேக்க வேண்டியிருக்கு’ என்றார். ஈரக் கையோடு படியிறங்கிப் போனவர்தான். தங்கை மட்டும் அவ்வப்போது போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள், இவர் படி ஏறவில்லை. வருஷம் பன்னிரண்டு ஓடிவிட்டது.

கோணல் கண்ணாடியிலா சட்டத்திலா என்று நெட்டை அன்றும் அளக்கவில்லை, அதற்கப்புறமும் அளக்கவில்லை. அளந்து ஒருவேளை தன் பேரில்தான் தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வது?

ஆனால் பாருங்கள், கிடங்கில் வளைவு ஒன்றுதானே இருக்கிறது. அதைத் தாண்டாமல் இரண்டு பேருக்கும் பிழைப்பு இல்லை. நாள் தவறாமல் நெட்டை ‘மச்சான்!’ என்று கத்தினான், வைரம் ‘வா மாப்ளே!’ என்று ஒதுங்கினார். முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். அது உறவில் சேராது, வேலையில் சேர்ந்தது, அதனால் ரோஷத்துக்கு இழுக்கு இல்லை. பன்னிரண்டு வருஷமும் அவர்களுக்குள் அந்த மூன்று சொல்தான். நெட்டைக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஏதாவது ஒருநாள் வைரம் லீவு போட்டுவிட்டால் அவனுக்குச் சாயங்காலம் வரை ஒன்றும் ஓடாது. காரணம் கேட்டால் வெயில் என்பான்.

இந்த நிலையில்தான் புது மேலாளர் வந்தார். சின்ன வயசுப் பெண், கறார், ஆனால் நியாயஸ்தி. அவர் வந்த கொஞ்ச நாளில், ஒரு வாடிக்கையாளர் அம்மாவை வளைவருகே அழைத்துப் போனபோது, யாரோ அந்த அம்மாவின் காதோரம் ‘மச்சான்!’ என்று அலற, அவர் பதறிப் பின்வாங்கி அடுக்கி வைத்த சட்டங்களில் இடித்துக்கொண்டார். மேலாளர் எல்லோரையும் கூட்டினார்.

“இது என்ன கூத்து? இந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சு?”

கிளிக்கதை வந்தது. செத்தவர் கதை வந்தது. நெட்டை ஒரு மூலையில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்மூலையில் வைரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார் ஆரம்பிச்சா என்ன மேடம், இப்ப இது எங்க வழக்கம்” என்றார் கணக்கு அக்கா. வார இதழில் குறுக்கெழுத்துப் போடுகிறவர், சொல்லைக் கண்டால் விடமாட்டார். “பழகறது பழக்கம், வழங்கறது வழக்கம். பழகறதுக்கு ஒரு ஆள் போதும், தனியா உக்காந்து நகம் கடிச்சாலும் அது பழக்கம்தான். வழங்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். குடுக்க ஒருத்தர், வாங்கிக்க ஒருத்தர்.”

“நல்லா சொல்றீங்கக்கா” என்று மேலாளர் மனசார ரசித்தார். ரசித்துவிட்டு ஆளுக்கொரு விசில் கொடுத்தார். “ஒரு தடவை ஊதினா நான் வர்றேன். திருப்பி ஊதினா வா. ரெண்டு தடவை ஊதினா இரு. வெளியாள் வந்தாலும் புரியும். இனிமே மச்சானும் வேணாம், மாப்பிள்ளையும் வேணாம்.”

சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை நெட்டை ஆளுயரக் கண்ணாடியோடு வளைவுக்கு வந்து விசிலை ஊதினான். சின்ன விசில், கீச்சென்று மெல்லிசாக ஒரு சத்தம். பதில் இல்லை. சரி, ஆள் இல்லை என்று ஓர் எட்டு வைத்தான். ஆனால் கால் நின்றுவிட்டது. அது என்ன என்று அவனுக்கே தெரியாது, இத்தனை வருஷம் அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு குரல் வந்திருக்கிறது, அது வராதது ஒரு மாதிரியாக இருந்தது. எட்டிப் பார்த்தான். கண்ணாடி விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி வைரத்தின் கழுத்து. அவர் பாட்டுக்கு, ஒதுங்காமல், ஊதாமல், வெட்டின துண்டுகளைச் சுமந்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார்.

நெட்டை கண்ணாடியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். வைரம் அவனை ஒரு முறை முறைத்தார், விசில் எங்கே என்று கேட்பதுபோல. பிறகு தம் விசிலை எடுத்து, கடமைக்கு, அவன் முகத்துக்கு எதிரேயே ஊதினார். கிடங்கே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஊதினார். ஊதிவிட்டு, சத்தம் வந்ததா என்று விசிலைத் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் நெட்டைக்கு உறைத்தது. சாப்பாட்டு நேரத்தில், தேய்க்கும் மிஷின் நின்றிருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று விசிலை ஊதிப் பார்த்தான். மற்றவர்கள் எல்லாம் திரும்பித் திட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மரக்கட்டையைக் கீழே போட்டான். சட்டென்று திரும்பினார்.

ஆக, செவிடு இல்லை. ஆள் பேசினால் கேட்கிறது, கட்டை விழுந்தால் கேட்கிறது, கீச்சென்ற சத்தம் மட்டும் கேட்கவில்லை. இருபது வருஷம் அந்த மிஷின் பக்கத்தில் நின்ற காது, அந்த மிஷின் கீச்சிடுகிற சுருதியில் இருக்கும் சத்தத்தையெல்லாம் அதனிடமே விட்டுவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அண்ணனுக்குக் காது கேக்கலையா? யார்கிட்டயும் சொல்லித் தொலைச்சுடாதீங்க. போன வருஷம் பேக்கிங் ஆளை என்ன பண்ணாங்க? காது சரியில்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க இல்ல?”

“சொல்லலைன்னா ஒருநாள் எவனாவது விசில் ஊதிட்டு நேரா அவர் கழுத்துல கொண்டுபோய் வைப்பான்.”

“அப்ப நீங்க என்னதான் பண்ணப் போறீங்க?”

என்ன பண்ணுவது? கத்துவதுதான். மறுநாளிலிருந்து நெட்டை விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ‘மச்சான்!’ என்று தொண்டை கிழியக் கத்தினான். வாய் தவறி வைரமும் ‘வா மாப்ளே’ என்றுவிடுவார், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு விசிலையும் ஊதி வைப்பார். தன் கையில் சுமை இல்லாதபோதும் வைரம் எழுந்து நடந்தால் நெட்டையும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே வளைவுவரை போய்க் கத்திவிட்டு வந்தான். கிடங்கில் கேலி தாங்கவில்லை. ‘என்னண்ணே, மச்சான் மேல திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?’ என்றார்கள். வைரத்துக்கோ ஆத்திரம் ஏறிக்கொண்டே வந்தது. தம்மை நையாண்டி செய்கிறான் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

மேலாளர் ஒருமுறை தன்மையாகச் சொன்னார். இன்னொருமுறை கண்டிப்பாகச் சொன்னார். மூன்றாவது முறை அறைக்குக் கூப்பிட்டார்.

“எல்லாரும் விசில் ஊதறாங்க. நீங்க மட்டும் ஏன் இப்படி?”

“பழக்கம் மேடம்.”

“அக்கா அன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. வழக்கம்னு சொன்னீங்கன்னா அது எல்லாரோடதும். எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு, வளைவுலயே நிறுத்தி, விசில் யாருக்குச் சரிப்படுது, யாருக்குச் சரிப்படலைன்னு ஒவ்வொருத்தரா பாத்துடலாம். பழக்கம்னா உங்களோடது. நீங்கதான் மாத்திக்கணும். இது எது?”

ஒவ்வொருத்தராகப் பார்த்தால் வைரம் மாட்டிக்கொள்வார். நெட்டை கொஞ்சநேரம் மேசைமேல் இருந்த காகித எடையைப் பார்த்தான். அதுவும் கண்ணாடிதான்.

“பழக்கம்தான் மேடம். என் பழக்கம். கெட்ட பழக்கம்.”

“அப்ப சரி. திங்கட்கிழமையிலேருந்து நீங்க வெளியே லாரியில ஏத்தற வேலைக்குப் போயிடுங்க. அங்க வளைவு கிடையாது.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை வாயைப் பொத்தி மாட்டிக்கொண்டான். திங்கட்கிழமையிலிருந்து வளைவில் விசில் மட்டும்தான் இருக்கும். அது கேட்காத ஒரு மனிதர் கழுத்தை நீட்டிக்கொண்டு நடந்து வருவார்.

சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நெட்டை வெறுங்கையோடு வளைவில் போய் நின்றான். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

“மச்சான்!”

“வா மாப்ளே” என்று வந்தது, அலுப்போடு. அவன் திரும்பி எதிரே போய் நின்றான். வைரம் அவன் கையைப் பார்த்தார்.

“கண்ணாடி எங்க?”

பன்னிரண்டு வருஷத்தில் அந்த மூன்று சொல்லுக்கு வெளியே வந்த முதல் பேச்சு அது.  சுற்றி வளைத்துச் சொல்லத் தெரிந்திருந்தால் அவன் ஏன் அன்றைக்கு ஜன்னலைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கப் போகிறான்?

“உங்களுக்கு விசில் கேக்கல மச்சான்.”

வைரத்தின் முகம் சிவந்தது.

“அன்னிக்குக் கை கோணல்னே. இன்னிக்குக் காது செவிடுங்கறே. அடுத்தது என்ன, கண்ணா? மிச்சம் வெச்சிருக்கியா, இல்ல மொத்தமா சொல்லி முடிச்சிடறியா?”

அவர் தோளை இடித்துக்கொண்டு போய்விட்டார். நெட்டை அங்கேயே நின்றான். அழுகை வரும்போல் இருந்தது, வளைவில் அழுவதற்கும் ஒரு சத்தம் கொடுக்க வேண்டுமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை வைரம் வீட்டில் என்ன நடந்தது என்பது பிறகு தங்கை மூலம் தெரிந்தது. விசிலை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து ஊதியிருக்கிறார். மெல்ல ஊதினார், பலமாக ஊதினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ‘சாமி, குழந்தை தூங்குது’ என்று கும்பிட்ட பிறகுதான் விசில் வேலை செய்கிறது என்று நம்பினார். 

திங்கட்கிழமை நெட்டை வெளி முற்றத்தில், லாரிக்குப் பக்கத்தில் நின்றான். காது முழுக்க உள்ளே இருந்தது. விசில் சத்தம் கேட்டது. இன்னொரு விசில். ஒவ்வொன்றுக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்தான். தமிழ் சரியாகத் தெரியாத அந்த டிரைவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘மச்சான் உடைஞ்சுதா?’ என்று கேட்டார். 

கொஞ்ச நேரத்தில் விசில்கள் நின்றன. மிஷினும் நின்றது. உள்ளே போகலாமா கூடாதா என்று அவன் தவித்துக்கொண்டிருக்கையில், கணக்கு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“உங்க மச்சான்... வைரண்ணே, மேடம் முன்னாடி விசிலை வெச்சுட்டாரு. எனக்கு இது கேக்கல, என்னை என்ன வேணா பண்ணிக்குங்க, ஆனா ஒருத்தன் அது தெரிஞ்சுதான் கத்தினான், அவன்மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாரு. எல்லார் முன்னாடியும். அடேயப்பா, நான்கூட அழுதுட்டேன்.”

மேலாளர் அழவில்லை. எல்லோரையும் வரிசையாகத் திரும்பி நின்று, கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, பின்னால் நின்று விசில் ஊதினார். மிஷின் பக்கம் வேலை செய்த பழைய ஆட்களில் பாதிப் பேர் கையைத் தூக்கவில்லை. மற்றவர்கள் ஊதுவதைப் பார்த்து இவர்களும் ஊதி, இத்தனை நாள் ஒப்பேற்றியிருக்கிறார்கள். இன்னும் ஒருவர் கழுத்தும் போகாமல் இருந்தது அதிர்ஷ்டம்தான். மேலாளர் விசில்களை ஒரு பெட்டியில் வாங்கிப் போட்டுக்கொண்டார். ‘உங்க வழக்கத்தையே வெச்சுக்குங்க. வெளியாள் வந்தா முன்கூட்டியே நான் சொல்லிடறேன்’ என்றார். வைரத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் தேய்க்கும் மிஷினை அவரிடமிருந்து எடுத்துவிட்டார். இனி அளப்பதும் வெட்டுவதும் மட்டும். இருபது வருஷம் நின்ற இடத்தை விட்டு அவர் வெட்டும் அறை மேசைக்கு நகர்ந்தார். அந்த அறையிலிருந்து வெளியே வருவதற்கு அவருக்கு இனி வளைவு தேவையில்லை. நெட்டையும் லாரிப் பக்கமே இருக்கட்டும் என்றாகிவிட்டது, அங்கே ஆள் குறைவு.

ஆக, கிடங்கு முழுக்க மறுபடியும் மச்சானும் மாப்பிள்ளையுமாகக் கத்தியது. அதைத் தொடங்கிய இரண்டு பேருக்கு மட்டும் கத்த இடமில்லாமல் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் நெட்டை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். வாசல் மணி அடித்தது. கிளிப்பிள்ளை மாதிரி கீச்சென்று கத்துகிற மணி. மனைவி அடுப்படியில் கையில் மாவோடு இருந்தாள். மணி மறுபடி அடித்தது. மறுபடி. நிறுத்தாமல் அடித்தது.

“யாருங்க அது, மணியைப் பிடிச்சுத் தொங்கறது? மனுஷங்களுக்குக் காது...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மணி நின்றது. படியில் யாரோ இரண்டு எட்டு இறங்குகிற சத்தம். அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது. பிறகு வெளியிலிருந்து, வளைவில் கேட்ட அதே குரல், ஆனால் கொஞ்சம் தயங்கி:

“மாப்ளே!”

நெட்டை எழுந்தான். ஜென்மம் முழுக்க வருகிறவனாகவே கத்திப் பழகியவன். ஒதுங்கி நின்று வழிவிடுகிறவன் சொல்ல வேண்டியது அவன் வாயில் வந்ததே இல்லை. கதவுவரை போய், கதவைத் திறப்பதற்கு முன்னால், தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

“வாங்க மச்சான்!”

வைரம் உள்ளே வந்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. நெட்டையும் பார்க்கவில்லை. தங்கை சமையலறை வாசலில் மாவுக் கையோடு அசையாமல் நின்றாள். அவர் கொஞ்சநேரம் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

“கை கழுவ எங்கே?” என்று கேட்டார்.